கொடைக்கானலில் பேரிஜம் அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்

கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் செல்லத் திட்டமிட்டிருப்பவர்கள், குறிப்பாக வயதானவர்களை அழைத்துச் செல்பவர்கள், இதை முழுவதும் படித்துவிட்டுப் புறப்படுமாறு கேட்டுக்கொள்கிறேன். 2025 மே மாதம் என் தாயார், மனைவி, மகள் ஆகியோருடன் மதுரையிலிருந்து எங்கள் சொந்தக் காரில் மூன்று நாள் பயணமாகச் சென்றேன். அந்த மூன்று நாளில் ஒரு முழு நாளையும் ஐயாயிரத்து எண்ணூறு ரூபாயையும் ஓர் இடைத்தரகரிடம் இழந்தோம். பணத்தைவிட எனக்கு வருத்தம் தருவது என் தாயாருக்கு ஏற்பட்ட ஏமாற்றம். திருமணமான புதிதில் என் தந்தையாருடன், இப்போது வனத்துறை அனுமதியோடு மட்டுமே செல்லக்கூடிய காட்டுக்குள் உள்ள பேரிஜம் ஏரிக்கரையில் நின்றதை அவர் பல முறை சொல்லியிருக்கிறார். தந்தையார் காலமான பிறகு அந்த இடத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டதால்தான் இந்தப் பயணமே ஏற்பாடானது.

வத்தலக்குண்டில் தேநீர் குடிக்கக் காரை நிறுத்திய இடத்தில்தான் இது தொடங்கியது. காரின் பதிவெண்ணைப் பார்த்தவாறே ஒருவர் அருகில் வந்து, "அண்ணே, இ-பாஸ் எடுத்துட்டீங்களா? இல்லாட்டி மேல திருப்பி அனுப்பிருவாங்க" என்றார். மலைக்குச் செல்லும் வாகனங்களுக்கு இணையவழியில் பெற வேண்டிய அந்த அனுமதிச் சீட்டை நாங்கள் எடுத்திருக்கவில்லை. முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, கைபேசியிலேயே பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு அருகில் உள்ள சோதனைச் சாவடியில் அதைச் சரிபார்த்த ஊழியர், வேறு யாரோ எடுத்துக் கொடுத்தது என்று நான் சொன்னதும், "இதுக்குப் போய்க் காசு குடுத்தீங்களா சார்?" என்று கேட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் நடைமுறையில் உள்ள இந்த இ-பாஸுக்குக் கட்டணமே கிடையாது. 2025 கோடைக் காலத்தில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என்று நீதிமன்றம் வரம்பு விதித்திருந்ததால், இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பதற்றம் எல்லோருக்கும் இருந்தது. அந்தப் பதற்றத்தைத்தான் அவர் விலையாக்கினார். அரசுப் பேருந்தில் செல்பவர்களுக்கு இ-பாஸே தேவையில்லை என்பதையும் இங்கே குறிப்பிட்டுவிடுகிறேன்.

முந்நூறு ரூபாய்தானே என்று விட்டுவிட்டேன். இலவசமாகக் கிடைப்பதை விற்றவர் அடுத்து எதை விற்பார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஏனெனில் இ-பாஸுக்காக வாங்கிய என் எண்ணுக்கு அன்று மாலையே அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: ஒரே நாளில் பேரிஜம் ஏரி, பூம்பாறை, மன்னவனூர் ஆகிய மலைக்கிராமங்கள் என மூன்றையும் ஜீப்பில் காட்டுவதாகவும், வனத்துறை அனுமதி உட்பட எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றும், மூவாயிரம் முன்பணம் அனுப்பினால் அனுமதியை இரவே எடுத்துவிடுவதாகவும் அதில் இருந்தது. எங்கள் சொந்தக் காரிலேயே போகலாமே என்று நான் கேட்டபோது, பூம்பாறைச் சாலையில் வெளியூர்க் கார்களை வனத்துறை விடுவதில்லை என்று எழுதினார். அது முழுப் பொய். பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் அன்றாடம் பேருந்தே செல்கிறது.

அந்தச் செய்தியோடு ஒரு படமும் அனுப்பியிருந்தார். மலைச்சரிவு முழுவதும் நீலம் போர்த்தியதுபோல் குறிஞ்சி பூத்திருக்கும் படம். "வழியில் குறிஞ்சிப் பூ பார்க்கலாம்" என்ற வரியும் அதன் கீழே இருந்தது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் அப்படிக் கூட்டமாகப் பூக்கும் என்பதும், கடைசியாக 2018இல் பூத்தது என்பதும், அடுத்த பூப்பு 2030இல்தான் என்பதும் எனக்குத் தெரிந்த செய்திகள்தாம். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்தபோது அழகாக இருக்கிறதே என்று மட்டும்தான் தோன்றியது. 2025இல் அந்தக் காட்சியைக் காட்டுவதாகச் சொல்பவர் மற்றவற்றிலும் உண்மை பேச மாட்டார் என்று உணராமல் மூவாயிரத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன ஜீப் பத்தரை மணிக்கு வந்தது. தரகர் வரவில்லை, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் ஓட்டுநர் வந்தார். மீதி இரண்டாயிரத்து ஐந்நூறையும் அனுப்பினால்தான் வண்டி புறப்படும் என்று தரகர் தொலைபேசியில் சொல்ல, அதையும் அனுப்பினேன். வண்டியின் எண் பலகை வெள்ளை நிறத்தில் இருந்தது. வாடகைக்கு ஓட்ட அனுமதி பெற்ற வண்டிக்கு மஞ்சள் பலகை இருக்க வேண்டும்; சொந்தப் பயன்பாட்டுக்கான வண்டியை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்கலாம். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். நான் ஏறி அமர்ந்த பிறகுதான் கவனித்தேன்.

புறப்பட்டுச் சிறிது நேரத்தில், யானை நடமாட்டத்தால் பேரிஜம் சாலையை அன்று மூடிவிட்டார்கள் என்று தரகர் சொன்னதாக ஓட்டுநர் கூறினார். அப்படி மூடுவது உண்மையிலேயே அடிக்கடி நடப்பதுதான் என்பதால் நாங்கள் நம்பினோம். பைன் காடு, குணா குகை, தூண் பாறை என்று எல்லோரும் போகும் இடங்களுக்கே வண்டி சென்றது. இடையிடையே இரண்டு கடைகளில் நிறுத்தி, இறங்கிப் பார்த்துவிட்டு வரும்படி வற்புறுத்தினார்கள். அவற்றில் ஒன்றில் கொடைக்கானல் மலைப்பூண்டு என்று கிலோ ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. வீட்டுக்கு வந்ததும் என் தாயார் ஒரு பல்லை உரித்து, நகத்தால் கீறி முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல காரமும் இல்ல, நெடியும் இல்ல, நம்ம கடைப் பூண்டுதாம்ப்பா" என்று முறத்தை நகர்த்தி வைத்தார்.

மோயர் பாயிண்டில்தான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. பேரிஜம் செல்லும் காட்டுச் சாலையின் தடுப்பு அங்கேதான் இருக்கிறது. நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே இரண்டு கார்கள் வந்து நின்றன, காகிதத்தைக் காட்டின, காவலர் தடுப்பைத் தூக்கிவிட, உள்ளே சென்றன. என் தாயார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மூடிட்டாங்கன்னு சொன்னியேப்பா?" என்று ஓட்டுநரிடம் மெல்லக் கேட்டார். அந்தப் பையனால் பதில் சொல்ல முடியவில்லை. சற்று நேரம் கழித்து, "அம்மா, எனக்கு அனுமதியெல்லாம் ஒண்ணும் குடுக்கல. பன்னெண்டு மைல் சுத்திக் காட்டிட்டு மூணு மணிக்குள்ள எறக்கி விடச் சொன்னாங்க. எனக்கு ஆயிரத்து எண்ணூறுதான் பேச்சு" என்றார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. தரகரை அழைத்தேன், எடுக்கவில்லை. மாலைக்குள் என் எண்ணை அவர் தடை செய்திருந்தார்.

இந்த ஏற்பாடு தொடக்கத்திலேயே நடக்க முடியாதது என்பதை வரைபடத்தை ஒரு முறை பார்த்திருந்தாலே நான் புரிந்துகொண்டிருப்பேன். பேரிஜம் ஒரு திசையில், நகரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் காட்டுக்குள் உள்ளது. பூம்பாறையும் அதைத் தாண்டி நகரிலிருந்து ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டரில் உள்ள மன்னவனூரும் வேறொரு சாலையில் இருக்கின்றன. மலைப்பாதையின் வேகத்தில் மன்னவனூர்ப் பயணத்துக்கு மட்டுமே பெரும்பகுதி நாள் போய்விடும். பத்தரை மணிக்குக் கிளம்பி மூன்றையும் காட்டுவது எவராலும் இயலாது.

மறுநாள் காலை வனத்துறை அலுவலகத்துக்கு நானே நேரில் சென்றேன். பேரிஜம் ஏரி பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் நீர்நிலை, சுற்றிலும் காடு. அதனால் நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வாகனங்களுக்கு மட்டும், சாலை திறந்திருக்கும் நாட்களில் துறையே அனுமதி தருகிறது. முந்தைய நாள் வாகனங்கள் வழக்கம்போல் சென்றன என்றும், என் பெயரிலோ நாங்கள் சென்ற ஜீப்பின் எண்ணிலோ விண்ணப்பம் எதுவும் வரவில்லை என்றும் அங்கிருந்தவர் பதிவேட்டைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார். அன்றைய அனுமதி அதற்குள் முடிந்துவிட்டது. அதிகாலையிலேயே வந்து நின்றிருந்தால் கிடைத்திருக்கலாம். தரகருக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

அதன்பின் எங்கள் காரிலேயே பூம்பாறை சென்றோம், யாரும் தடுக்கவில்லை. படிப்படியாக வெட்டிய வயல்களைச் சாலையோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், ஊருக்குள் இறங்கிக் குழந்தை வேலப்பர் கோயிலுக்குச் செல்லுங்கள். போகர் நவபாஷாணத்தால் வடித்ததாகப் பக்தர்கள் நம்பும் முருகனின் திருவுருவம் அங்கே இருக்கிறது. என் தாயார் பிராகாரத்தில் வெகுநேரம் அமர்ந்திருந்தார். பேரிஜம் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அன்று மதியமே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, மனு ஏற்புச் சான்று பெற்றுக்கொண்டேன். வாட்ஸ்அப் உரையாடல், இரண்டு ஜிபே பரிவர்த்தனைகள், ஜீப்பின் எண் பலகை ஆகியவற்றின் படங்களை எடுத்து வைத்திருந்ததால்தான் புகாரை உடனே ஏற்றார்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருந்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. இதுபோல் ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். இணையவழியில் பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழைத்துப் பதிவு செய்ய வேண்டும். நான் 1930-ஐ ஊர் திரும்பிய பிறகுதான் அழைத்தேன், அதற்குள் மூன்று நாட்கள் கடந்திருந்தன. இதை எழுதும் வரை பணம் திரும்பவில்லை. வந்தால் அதையும் இங்கேயே தெரிவிக்கிறேன்.