ஏலகிரியா, ஜவ்வாது மலையா? முடிவு செய்தது சி ஃபார்ம்

மெல்போர்னில் பெட்டி கட்டும்போதே மனைவி சொல்லிவிட்டாள்: ஊட்டி, கொடைக்கானல் பேச்சே வேண்டாம், வேலூரில் காலை டிபன் முடித்துக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேருகிற மலையாகப் பார். அப்பாவுக்கு 76 வயது, முழங்கால் மடங்காது. பிள்ளைகள் காரில் மூன்று மணி நேரம் தாண்டினால் வாந்தி. அப்படிப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் இரண்டுதான். ஒன்று ஏலகிரி, இன்னொன்று ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர். நான் டவுசர் போட்டுப் பள்ளிக்கூடம் போன காலத்தில் எல்லாமே வட ஆற்காடுதான். இப்போது ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டம், ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம். நமக்கு மிஞ்சியது கோட்டையும் வெயிலும் என்பான் தம்பி.

என் ஓட்டு ஜவ்வாது மலைக்கு. கூட்டம் குறைவு, பீமன் மடவு அருவி இருக்கிறது, காவலூர் வானாய்வு மையமும் அந்த மலையில்தான். அம்மாவின் ஓட்டு ஏலகிரிக்கு. "அங்க போய் ராத்திரி அப்பாவுக்கு ஒண்ணுன்னா யாரைடா கூப்பிடுவ?" என்றாள். பதில் இல்லை.

ஆனால் இரண்டு பேர் ஓட்டும் செல்லாமல் போனது. எனக்கும் பிள்ளைகளுக்கும் இருப்பது ஆஸ்திரேலிய பாஸ்போர்ட். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை சி ஃபார்ம் என்ற படிவத்தில் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். சென்னையில் பெரிய ஓட்டல்களுக்கு இது தினப்படி வேலை. மலை மேல் எட்டு ரூம் வைத்திருப்பவருக்குத் தலைவலி. ஜமுனாமரத்தூரில் விசாரித்த இடத்தில், "ஃபாரின் பாஸ்போர்ட்டா? வேணாம் சார், அந்த ஃபார்ம் போட எங்ககிட்ட ஐடி இல்ல" என்று போனை வைத்துவிட்டார். ஏலகிரியிலும் இரண்டு இடத்தில் இதே கதை. தமிழில்தான் பேசுகிறேன், பேச்சைக் கேட்டாலே ஊர்க்காரன் என்று தெரியும், இருந்தும் அறை கிடையாது. மூன்றாவது இடத்தில் மேலாளர் சலிக்காமல் விசா பக்கம், புகைப்படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு, "வாங்கண்ணா, நான் போட்டுடறேன்" என்றார். ஆக, ஏலகிரி. என்னைப் போல வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: அறை வாடகை கேட்பதற்கு முன்னால் சி ஃபார்ம் போடுவார்களா என்று கேளுங்கள்.

பொன்னேரியிலிருந்து மேலே 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெரியவள் பாரி, காரி, ஓரி என்று பலகைகளைப் படித்துக்கொண்டே வந்ததில் வாந்தியை மறந்துவிட்டாள். பேகன் வந்ததும் யார் என்று கேட்டாள். மயிலுக்குக் குளிருமே என்று போர்வையைக் கொடுத்தவர் என்றேன். "மயிலுக்குத்தான் இறகு இருக்கே?" நல்ல கேள்வி. அப்பா அதற்குள் மஃப்ளரைச் சுற்றியிருந்தார்.

அறை பரவாயில்லை. வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தது, அப்பாவுக்கு அதுதான் முக்கியம். வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்; ஏழே காலுக்கே தீர்ந்துவிட்டது. கேட்டால் இரண்டு பக்கெட் தூக்கிக்கொண்டு வந்து வைக்கிறார்கள், முகம் சுளிப்பதில்லை. புங்கனூர் ஏரியில் படகுக்கு வரிசை அரை மணி நேரம். வார இறுதியென்றால் பெங்களூர் கார்கள் அத்தனையும் அங்கேதான். ஏரிக்கரையில் கொய்யாவைக் கீறி மிளகாய்ப்பொடி தூவித் தந்த அம்மா, 500 ரூபாய்த் தாளைப் பார்த்ததும், "சில்லறை இல்ல கண்ணு, போன்ல போடு" என்று க்யூஆர் அட்டையை நீட்டினார். என் நம்பர் ஆஸ்திரேலியா நம்பர், ஜிபே இல்லை. ஊருக்கெல்லாம் இருக்கிற வசதி எனக்கு மட்டும் இல்லாமல், கடைசியில் டிரைவர் தம்பிதான் 40 ரூபாய் போட்டார்.

சனிக்கிழமை மலையிறங்கி, ஆலங்காயம் வழியாகக் காவலூர் போனோம். சனிக்கிழமைகளில் பொதுமக்களைப் பார்க்க விடுகிறார்கள். அங்கே 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு, அதைக் கட்ட வைத்த வானியலாளர் வைணு பாப்புவின் பெயர். அது வருவதற்கு முன்பே, 1977இல், யுரேனஸுக்கு வளையம் இருப்பது தெரியவந்தபோது காவலூரில் இருந்தும் அதைப் பதிவு செய்தார்கள். சாயங்காலம் மேகம் மூடிவிட்டது. வானத்தில் ஒன்றும் தெரியவில்லை, வெள்ளைக் குவிமாடத்தைத்தான் பார்த்தோம். சின்னவன் அழுதே விட்டான்.

அதற்கு முன் மதியம் ஜமுனாமரத்தூரிலும் ஒரு மணி நேரம் நின்றோம். தெரு விளக்குக் கம்பத்தடியில் மலையாளிப் பெண்கள் சாமை, தேன், புளி வைத்து விற்றார்கள். (கேரளத்து மலையாளி இல்லை, இந்த மலைகளின் பழங்குடியினர்.) பேரம் பேச மனம் வரவில்லை. என் போனில் சிக்னலும் வரவில்லை. அம்மா சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிட்டது, ஆனாலும் ஏலகிரியில் இரண்டு நாளில் கேட்காத குருவிச் சத்தத்தை அங்கே ஒரு மணி நேரத்தில் கேட்டேன். அடுத்த முறை அப்பாவை வீட்டில் தம்பியோடு விட்டுவிட்டு, போளூர் வழியாகக் காலையில் ஏறி இரவுக்குள் திரும்புவதாகத் திட்டம். தங்கினால்தானே ஃபார்ம்.

வாங்கிய இரண்டு கிலோ சாமையை மெல்போர்ன் விமான நிலையத்தில் தானியம், விதை என்று துருவுவார்களே என்று அம்மாவிடமே விட்டுவிட்டேன். போன வாரம் அதில் வெண்பொங்கல் வைத்து, வீடியோ காலில் கரண்டியோடு காட்டினாள்.