ஃபேன்டசி ஃபுட்பால்: இரண்டு வருட வரவு செலவு

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். 2023 ஆகஸ்டிலிருந்து 2025 ஆகஸ்ட் வரை ஃபேன்டசி ஃபுட்பால் செயலியில் நான் கட்டியது 38,450 ரூபாய். திரும்ப எடுத்தது 21,200. போனது 17,250. மாதத்துக்கு எழுநூறு சொச்சம். பாளையங்கோட்டையில் ஒரு கம்பி, சிமெண்ட் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். அந்தப் பழக்கத்தில் இதற்கும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டேன். என்னோடு ஆடிய யாரைக் கேட்டாலும் "வந்ததும் போனதும் சரியாப் போச்சு" என்றுதான் சொல்வார்கள். அவர்களிடம் நோட்டு கிடையாது.

ஆரம்பித்து வைத்தது நாங்குநேரியில் இருக்கும் மாமா மகன். "பந்து பந்துன்னு கெடக்கியே மச்சான், அதுலயே ரெண்டு காசு பாக்கலாம்லா" என்று தன் போனைக் காட்டினான். கிரிக்கெட்டுக்கு ஊரே ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். ஃபுட்பாலுக்கும் அதே செயலியில் இடம் உண்டு என்பது அன்றுதான் தெரியும். மோதுகிற இரண்டு அணிகளிலிருந்தும் கலந்து 11 பேரை எடுக்க வேண்டும். நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதற்கு ஏற்ப நமக்குப் புள்ளி, புள்ளியில் முந்துகிறவர்களுக்குக் காசு. கையில் 100 கிரெடிட், பெரிய ஆள் என்றால் விலையும் பெரிது. கேப்டன் ஆக்கியவரின் புள்ளி இரண்டு மடங்கு, துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. விசில் ஊதினால் அன்றைய கணக்கு முடிந்தது, சீசன் முழுக்கக் காத்திருக்க வேண்டாம்.

என் முதல் ஆட்டம் 2023 ஆகஸ்ட் 11, இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கின் தொடக்க ஆட்டம், பர்ன்லியும் மான்செஸ்டர் சிட்டியும். நமக்கு நள்ளிரவு 12.30. சிட்டியின் ஹாலாண்ட் என் கேப்டன், டி ப்ரய்னே துணைக் கேப்டன். நாலாவது நிமிடத்திலேயே ஹாலாண்ட் கோல் போட்டார், நான் பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 23-வது நிமிடத்தில் டி ப்ரய்னே காயத்தோடு வெளியே போனார். ஹாலாண்ட் இன்னொன்று, அப்புறம் ரோட்ரி ஒன்று, சிட்டி 3-0. கேப்டன் இரண்டு கோல் போட்டும் பணம் கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில்கூட நான் இல்லை. ஹாலாண்டைக் கேப்டனாக வைக்காத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்கிற நிலையில், அந்தப் புள்ளி எல்லாரையும் ஒரே மாதிரி தூக்கிவிட்டது. ரோட்ரியைத் துணைக் கேப்டன் ஆக்கியவர்கள்தான் மேலே போனார்கள்.

இது புரியவே எனக்கு மூன்று மாதம் ஆனது. யார் நன்றாக ஆடுவார் என்பது பாதிக் கேள்விதான். மற்றவர்கள் யாரை எடுக்கவில்லை என்பது மீதி. 2024-25 சீசனில் லிவர்பூலின் சாலா 29 கோல் போட்டு, 18 கோலுக்குப் பாஸும் கொடுத்தார். அவரைக் கேப்டன் ஆக்கினால் கூட்டத்தோடு கூட்டம், ஆக்காவிட்டால் பெரும்பாலும் அம்போ.

பெரிய போட்டிகளில் ஒரே ஆள் பல அணிகளை இறக்கலாம். நான் 49 ரூபாய்க்கு ஒரு அணி போட்டுவிட்டு நகம் கடித்துக்கொண்டிருப்பேன், எதிரே ஒருத்தர் இருபது அணி போட்டிருப்பார். சரி, ஒருவருக்கு ஒருவர் ஆடிப் பார்ப்போம் என்று அந்தப் பக்கம் போனேன். ஆளுக்கு 50 ரூபாய், ஜெயித்தால் 90. பத்து ரூபாய் செயலிக்கு. சின்னக் கழிவு மாதிரித்தான் தெரியும். ஆனால் நோட்டில் போட்டுப் பார்த்தபோது, கை கடிக்காமல் இருக்கவே நூறில் 56 ஆட்டம் ஜெயித்தாக வேண்டும். என் நிஜக் கணக்கு நூறுக்கு 51. பாதிக்கு மேல் ஜெயித்தும் நஷ்டம் என்றால் என் முதலாளி அண்ணாச்சி அந்தச் சரக்கைக் கடைக்குள்ளேயே ஏற்றமாட்டார்.

நான் ஓரளவு தேறியது எங்கே என்றும் சொல்ல வேண்டும். புள்ளி கோலுக்கு மட்டும் கிடையாது. முடித்த பாஸ், பறித்த பந்து, இடைமறித்த பந்து எல்லாவற்றுக்கும் உண்டு. பாஸ் கிடைக்காவிட்டால் தொண்ணூறு நிமிடமும் மாயமாகிவிடுகிற, ஓரத்தில் ஓடுகிற விங்கரைவிட, சட்டையில் மண் ஒட்ட நடுவில் உழுகிற ஆள் நிச்சயமான வருமானம். ஃபுல்ஹாமில் அப்போது இருந்த பலீன்யா எனக்கு அப்படித்தான் சோறு போட்டார். விலை குறைவு, சீண்டுவாரும் குறைவு, 2023-24-இல் அந்த லீக்கிலேயே அதிகம் டாக்கிள் செய்தவர், அதாவது எதிராளி காலிலிருந்து பந்தைப் பறிக்கப் பாய்ந்தவர். நம் நாட்டு லீக்கான ஐ.எஸ்.எல். ஆட்டங்களிலும் எனக்குக் கொஞ்சம் கை கொடுத்தது. வாராவாரம் பார்க்கிற அணிகள், போட்டியாளர்களும் குறைவு.

நேரம் இன்னொரு சங்கடம். ஆடும் 11 பேர் யார் என்பது ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வரும், 2024-25-இலிருந்து பிரீமியர் லீக்கில் 75 நிமிடம் முன்னால். அதைப் பார்க்காமல் அணி போட்டால் காசை ஆற்றில் போட்டது மாதிரி. சனிக்கிழமை ஆட்டம் என்றால் கடையில் சிட்டை எழுதிக்கொண்டே போனைப் பார்க்க வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள், நமக்கு 7.30 ஆட்டம் 8.30 ஆகிவிடும். ஐரோப்பியக் கிளப்புகள் மோதுகிற சாம்பியன்ஸ் லீக் என்றால் ராத்திரி 1.30. மறுநாள் என் முகத்தைப் பார்த்து அண்ணாச்சி, "என்னடே, ராத்திரி கோயில் கொடையா?" என்பார்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. செப்டம்பர் 2023-இல் ஒரு பெரிய போட்டியில் அடித்தது. அதுவரை 600 கட்டியிருந்தேன், 3,000 எடுத்தேன். நிகர வெற்றி 2,400-க்கு 30 சதவீதம் பிடித்துக்கொண்டு 2,280 வந்தது. ஆனால் மார்ச் முடிவில் அந்த வருடமே எனக்கு நஷ்டம். பிடித்த 720-ஐ வாங்க ரிட்டர்ன் போட்டேன், வந்தது. 2023 அக்டோபர் 1 முதல் கட்டிய பணத்துக்கே 28 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. நான் ஆடிய செயலி அதைப் போனஸாகத் திருப்பித் தந்து சரிக்கட்டியது. அந்தப் போனஸைக் கையில் எடுக்க முடியாது, திரும்ப ஆடத்தான் முடியும்.

ஒரு குறை. ஒரு நாள் போட்டியில் நாலாவது இடத்தில் இருக்கும்போது தூங்கப் போனேன், காலையில் பார்த்தால் பத்தொன்பதாவது. ஒரு கோலுக்கான பாஸை என் ஆள் கணக்கிலிருந்து ராத்திரியோடு நீக்கியிருக்கிறார்கள். எழுதிக் கேட்டேன். எங்கள் தரவு இறுதியானது என்று வந்த பதிலில் என் பெயரையும் தப்பாக எழுதியிருந்தார்கள்.

இதெல்லாம் காசு. 2023 டிசம்பர் 17 வேறு.

திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி 10 மணிக்கு லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெட்டும். மின்சாரம் போய்விட்டது, போனில் பாதி சார்ஜ், சிக்னல் ஒரு கோடு. மாடிப்படித் தகரத்துக்குக் கீழே நின்று அணியை மாற்றிக்கொண்டிருந்தேன். கோல்கீப்பர் யுனைடெட்டின் ஒனானாவா லிவர்பூலின் அலிசனா என்பது கேள்வி. ஒனானா அந்த சீசனில் பந்தைக் கோட்டைவிட்டுக்கொண்டிருந்தார், அதனால் அலிசன். 9.40-க்கு அக்காவின் அழைப்பு. வீடு வண்ணார்பேட்டையில், ஆற்றுக்குப் பக்கம். பேசினால் இணையம் போய்விடும், 'சேமி' என்ற பொத்தானை இன்னும் அழுத்தவில்லை. அடிக்க விட்டேன். சேமித்துவிட்டுத் திருப்பி அழைத்தேன். போகவில்லை. அப்புறம் கோடே போய்விட்டது.

மறுநாள் பாலத்தைத் தாண்ட முடியவில்லை. அக்காவும் மாப்பிள்ளையும் பிள்ளையும் மாடி வீட்டுக்காரர் தயவில் இருந்தார்கள், ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்பது அதற்கடுத்த நாள்தான் தெரிந்தது. கீழ்வீட்டில் பீரோ பாதி வரை சேறு. "அன்னிக்கு ராத்திரி போன் அடிச்சேன், நீ எடுக்கலியேடா" என்றாள். சிக்னல் இல்லை அக்கா என்றேன். வாளியை எடுத்துக்கொண்டு சேறு அள்ளப் போனேன்.

நெட் வந்ததும் முடிவைப் பார்த்தேன். 0-0. லிவர்பூல் 34 முறை அடித்தும் ஒன்றும் உள்ளே போகவில்லை. என் கேப்டன் சாலா. ஒனானா எட்டுப் பந்தைத் தடுத்திருந்தார். நோட்டில் 49 என்று எழுதி, பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.

விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஜனவரியில் மறுபடி ஆரம்பித்தேன். ஆனால் ஆட்டம் பார்ப்பதே மாறிப்போயிருந்தது. முருகன்குறிச்சியில் ஒரு டீக்கடையில் சென்னையின் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நம் பையன்கள் கோல் போட்டதும் கடையே கத்துகிறது, எதிரணிக் கோல்கீப்பரை எடுத்திருந்த நான் வாய்க்குள் திட்டுகிறேன். பக்கத்தில் நின்ற பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். டீயை முடிக்காமல் வந்துவிட்டேன்.

நிறுத்தியது என் வைராக்கியம் என்று சொன்னால் பொய். 2025 ஆகஸ்ட் 17 ராத்திரி ஆர்சனல் 1-0 என்று யுனைடெட்டை ஜெயித்த ஆட்டம்தான் கடைசி. கலஃபியோரி போட்ட கோல், அவர் என் அணியில் இல்லை. அந்த வாரமே நாடாளுமன்றத்தில் ஆன்லைன் பணவிளையாட்டுத் தடை நிறைவேறி, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வந்தது. திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று வருடக்கணக்கில் நீதிமன்றங்களில் நடந்த வாதத்தையே இந்தச் சட்டம் ஓரமாக வைத்துவிட்டது: பணம் கட்டி ஆடுவது என்றால் இரண்டும் ஒன்றுதான். என்னைக் கேட்டால் திறமை உண்டு. என்னைவிட அதிகமாக வைத்திருந்தவர்களுக்குத்தான் என் 17,250-இல் செயலிக்குப் போனது போக மீதி போயிருக்கிறது. மிச்சமிருந்த 312 ரூபாய் தகராறில்லாமல் வங்கிக்கு வந்து சேர்ந்தது.

இப்போது பிரீமியர் லீக்கே நடத்துகிற இலவச ஃபேன்டசிதான். 15 பேர், சீசன் முழுக்க ஒரே அணி, காசு கிடையாது. குடும்பத்தில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு லீக் வைத்திருக்கிறோம். நாங்குநேரி மச்சான் கடைசி, நான் ஆறாவது. முதலிடத்தில் ஒன்பதாவது படிக்கிற அக்கா மகள். வெள்ளிக்கிழமை ராத்திரி போன் அடித்து, "மாமா, கோல்கீப்பர் யாரப் போட்டிருக்கீக?" என்று கேட்பாள். முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.