அஸ்பெஸ்ரஸ் நோய்க்கு வெளிநாட்டு நட்டஈடு எண்டு வாறவங்களிட்ட கவனம்: 185,000 ரூபா போச்சு

கோபத்திலதான் எழுதுறன். எழுத்துப் பிழை இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

காசை வாங்கி ஏமாத்தின கடையின்ர பேரைப் போடேல்லை. விசா போம் நிரப்புறது, மொழிபெயர்ப்பு, பாஸ்போட் போட்டோ, ரிக்கற் எல்லாம் ஒரே மேசையில செய்யிற வகைக் கடை. ஏ9 வீதியால போற ஆக்களுக்கு அந்த வகை விளங்கும்.

சித்தப்பா 1978 இல இருந்து 83 ஆடி வரைக்கும் கொழும்புப் பக்கம் அஸ்பெஸ்ரஸ் கூரைச்சீற் செய்யிற தொழிற்சாலையில வேலை. சாக்கை வெட்டி நாரைக் கொட்டுறது, காய்ஞ்ச சீற்றின்ர ஓரம் அறுக்கிறது. பாதுகாப்பு எண்டால் வாயில கட்டின துவாய்தான். கலவரத்தோட வன்னிக்கு வந்து வயல் செய்தவர். இந்த நோய் தூசு உள்ள போய் 20 தொடக்கம் 50 வருசத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். வலப்பக்க நெஞ்சில நீர் கட்டினது. எடுக்க எடுக்க ஊறினது. முதல்ல காசமெண்டு பார்த்து, கடைசியா நுரையீரல் உறையில சதை எடுத்துச் சோதிச்சாப்பிறகுதான் மீசோதீலியோமா, அந்த உறையில வாற புற்றுநோய் எண்டு வந்தது.

அந்த அறிக்கையோட மொழிபெயர்ப்புக்குத்தான் கடைக்குப் போனது. வீட்டில ஒருத்தருக்கும் வாயில வராத அந்தப் பேரைக் கடைக்காரன் ஒரே மூச்சில பிழையில்லாமல் வாசிச்சான். "ஐயா, இதுக்கு அமெரிக்காவில காசு ஒதுக்கி வைச்சிருக்கிறாங்கள்" எண்டான். சித்தி அந்த இடத்திலயே அழுதிட்டா. நம்பினது அப்பதான்.

அவன் சொன்னதில பாதி உண்மை, அதுதான் வினை. ஜோன்ஸ் மான்வில் எண்ட அமெரிக்க அஸ்பெஸ்ரஸ் கம்பனி 1982 இல வங்குரோத்துக்குப் போய், 1988 இல நோயாளிகளுக்கு நட்டஈடு குடுக்கிறதுக்கெண்டு ட்ரஸ்ட், அதாவது தனி நிதியம் ஒண்டு உருவானது. அதைப்போல வேற ட்ரஸ்டுகளும் இருக்கு. சொல்லாத பாதி இது: அந்தந்தக் கம்பனியின்ர பொருளில இருந்து வந்த தூசைத்தான் சுவாசிச்சவர் எண்டு காட்டினாத்தான் அந்த ட்ரஸ்ட் காசு குடுக்கும். இங்க சீற் அறுத்த மனுசனுக்கு அந்தத் தொடர்பைக் காட்ட ஒண்டுமில்லை. மற்றது, அங்க இந்த வழக்கு எடுக்கிற சட்டத்தரணிமார் பொதுவா முற்பணம் வாங்கமாட்டினம், காசு வந்தா அதில பங்குதான். ரூபாயில முற்பணம் கேட்ட நேரமே எழும்பி வந்திருக்கவேணும்.

கோப்புத் திறக்க 25,000. மொழிபெயர்ப்பு 35,000. "ட்ரஸ்ட் பதிவு" 75,000. கூரியரும் வரியும் எண்டு 50,000. கூட்டினா 185,000 ரூபா. எல்லாம் தனியாள் கணக்குக்கு, கடைப் பேரில ஒரு ரிசீற்றும் இல்லை. சிறுபோக நெல் வித்த காசும் ஒரு சோடிக் காப்பும் அதுக்குள்ள.

பிறகு தொடங்கினது. "அமெரிக்காவில இப்ப இரவு." "சேர் கொழும்பில." "கோப்பு ஜூரிக்குப் போயிட்டுது." ட்ரஸ்டுக்கு ஏதடா ஜூரி? அங்க ஆக்கள் கடதாசியைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கிறது. அதைக் கேட்டாப்பிறகு வாட்ஸ்அப்பில நீலக்கோடு மட்டும் விழும், பதில் இல்லை. நேர போனா, "ஐயா இருக்கிறாரோ? இருந்தாத்தான் கோப்பு ஓடும்" எண்டு கேட்டான். படுக்கையில கிடக்கிற மனுசனைப் பற்றி. 185,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டதுக்கு மானநட்ட வழக்குப் போடுவானாம்.

இங்க இருக்கிற வழியை ஆரும் முதல் சொல்லேல்லை. வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934 ஆம் ஆண்டில இருந்து இருக்கு. கொழும்பில அதுக்கெண்டு ஒரு ஆணையாளர் இருக்கிறார். கோடி எண்டு கனவு காணவேண்டாம், 2022 திருத்தத்துக்குப் பிறகும் உச்சம் 20 இலட்சம். ரண்டு விசயத்தைக் காட்டவேணும்: நோய் இதுதான், வேலை அங்கதான்.

நோய்க்கு ஸ்கான் படம் மட்டும் காணாது, சதைப் பரிசோதனை அறிக்கை வேணும். அந்தச் சதையை மெழுகுக் கட்டியில பதிச்சு ஆய்வுகூடத்தில வைச்சிருப்பினம். அதின்ர இலக்கத்தைக் குறிச்சு வையுங்கோ, ஆரும் சந்தேகம் கிளப்பினா அதில இருந்து திருப்பிச் சோதிக்கலாம். வேலையைக் காட்ட, ஊழியர் சேமலாப நிதியின்ர பி காட் எண்ட அங்கத்தவர் அட்டை வேணும். அதில தொழில் தருநரின்ர இலக்கமும் அங்கத்தவர் இலக்கமும் இருக்கும். காட் துலைஞ்சிருந்தா தொழில் திணைக்களத்துக்கோ மத்திய வங்கிக்கோ தகவல் அறியும் சட்டத்தின் கீழ எழுதிக் கேளுங்கோ, 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும். கூட வேலை செய்த ஆரும் உயிரோட இருந்தா இண்டைக்கே சத்தியக்கடதாசி எடுங்கோ, அவைக்கும் வயசு போகுது. காலம் பிந்தினா ஏன் பிந்தினது எண்டு தக்க காரணம் காட்டவேணும். நோய் உறுதியான திகதி போட்ட கடதாசிதான் அந்தக் காரணம். சட்டத்தரணிக்குக் காசில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கோ.

இன்னும் நிறைய எழுத நினைச்சனான், பொலிசுக்குப் போக நேரமாச்சு. மூலப்பிரதி ஒண்டும் குடுக்காதேங்கோ, போட்டோக்கொப்பி காணும். வெத்துக் கடதாசியில கையெழுத்து வைக்காதேங்கோ. அற்றோர்ணித் தத்துவம் எழுதிக் குடுத்திருந்தா, உடன நொத்தாரிசிட்டப் போய் இரத்துச் செய்து, பதிஞ்ச இடத்திலயே அதையும் பதியுங்கோ. வங்கிச் சிட்டை, வாட்ஸ்அப் குரல் பதிவு ஒண்டையும் அழிக்காதேங்கோ.

185,000 ரூபா ஒரு பக்கம். சித்தி மாத்தளனில இருந்து முள்ளிவாய்க்கால் மட்டும் சொப்பிங் பையில சுத்தி இடுப்பில கட்டிக் காப்பாத்தின பி காட், இப்ப அவன்ர லாச்சிக்குள்ள கிடக்கு.