'லைஃப்டைம் ஆபீஸ்' போட்டுத் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்

எங்கள் வரிக் கணக்கு அலுவலகத்துக்குக் கணினிகள் வாங்கியபோது, கடைக்காரர் எல்லாவற்றிலும் எம்எஸ் ஆபீஸ் போட்டு, "ஒரிஜினல் சார், லைஃப்டைம்" என்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டார். அரை வருஷம் ஓடியது. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி என்ற மாதாந்திர ரிட்டர்ன் போட்டாக வேண்டிய நெருக்கடியில் எக்ஸெலின் தலைப்புப் பட்டை சிவப்பாகிவிட்டது. எந்த ஃபைலைத் திறந்தாலும் லைசென்ஸைச் சரிபார்க்கச் சொல்லும் ஆக்டிவேஷன் விசார்டு குறுக்கே வந்து நின்றது.

போன் போட்டால், "நெட் பிரச்சினை சார். ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு எனிடெஸ்க் நம்பர் சொல்லுங்க, நான் உள்ள வந்து பார்க்கிறேன்" என்றார். எனிடெஸ்க் வழியாக அவர் இருந்த இடத்திலிருந்தே எங்கள் கணினியை இயக்குவதற்கு சர்வீஸ் சார்ஜ் வேறு! வாடிக்கையாளர்களின் பான், வங்கி விவரமெல்லாம் இருக்கும் கணினி. முடியாது என்றுவிட்டேன்.

ஐடி வேலையில் இருக்கும் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். ஆபீஸ் ஃபோல்டரிலேயே ஓஎஸ்பிபி என்று ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. கமாண்ட் பிராம்ப்டில் அதை 'டிஸ்டேட்டஸ்' போட்டு ஓட்டினால் லைசென்ஸின் ஜாதகமே வந்துவிடும். கடையில் வாங்கிய லைசென்ஸ் என்றால் 'ரீடெயில்' என்று இருக்க வேண்டும். எங்களுடையதில் 'வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்'. கூடவே, கேள்விப்படாத ஒரு சர்வர் முகவரி.

"அண்ணே, கேஎம்எஸ் பெரிய கம்பெனி, காலேஜ் எல்லாம் தங்களோட சர்வர் வெச்சு ஆக்டிவேட் பண்ற முறை. 180 நாள்தான் செல்லும். அதுக்குள்ள சர்வரோட பேசினா தானா நீளும், பேசலைன்னா இப்படித்தான்" என்றார். வாங்கும்போது சொன்ன 'லைஃப்டைம்' இதுதான்.

லைசென்ஸை விட என்னை எரிச்சல்படுத்தியது வேறொன்று: எங்களைக் கேட்காமலே ஆன்டிவைரஸ் சோதிக்காமல் விட்டுவிடும் விலக்குப் பட்டியலில் ஒரு ஃபோல்டரைச் சேர்த்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸையே புதிதாகப் போட்டோம். அந்த மாத வேலை இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸில் ஓடியது. எக்ஸெலில் வேலையைத் தானாகச் செய்ய எழுதி வைத்திருந்த சில மேக்ரோக்கள் மட்டும் மக்கர் செய்தன.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "பில்லுல ஆபீஸ்னு எங்க சார் இருக்கு?" என்கிறார். பில்லில் 'இன்ஸ்டலேஷன் சார்ஜ்' என்றுதான் இருக்கிறது. நல்லவேளை, அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனில் 'ஒரிஜினல் ஆபீஸ்' என்று தெளிவாக இருக்கிறது. அதை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

ஆபீஸ் வாங்குபவர்கள் அதன் பெயரையும் பதிப்பையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஆபீஸுடன் தரும் 25 எழுத்து லைசென்ஸ் கீயை உங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில், உங்கள் கண் முன்னாலேயே சேர்க்கச் சொல்லுங்கள். "உங்க மெயில் ஐடி எதுக்கு சார், நாங்களே போட்டுத் தர்றோம்" என்று இழுத்தால் வேறு கடை பாருங்கள்.