பைபோலாருக்கு ஆன்லைன் உதவி: சில வருடங்கள் பயன்படுத்திப் பார்த்தபின்

எனக்கு பைபோலார் டைப் 1. மனம் அளவுக்கு மீறி எழும்பும் மேனியாவும், சோர்ந்து விழும் டிப்ரஷனும் மாறி மாறி வரும் மனநோய் இது. அதற்கு லித்தியம் என்ற மாத்திரை சாப்பிடுகிறேன். கரூரில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, வீட்டிலிருந்தே ஒரு ஜவுளி ஏற்றுமதி கம்பெனிக்குக் கணக்கு பார்க்கிறேன். 2020 ஊரடங்கில் டாக்டரைப் பார்க்க வெளியூர் போக வழியில்லாமல்தான் ஆன்லைன் பக்கம் வந்தேன். அப்புறம் அதை விடவில்லை. வீடியோவில் டாக்டரைப் பார்ப்பது, மூட் சார்ட் ஆப், ஆதரவுக் குழு, நோயைப் பற்றிய பாடங்கள், உதவி எண் என எல்லாவற்றையும் நன்றாக இருந்த நாட்களிலும் முடியாத நாட்களிலும் பயன்படுத்தியிருக்கிறேன். புதிதாக இந்த நோய் தெரியவந்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எது கைகொடுக்கும், எது கொடுக்காது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த உதவியெல்லாம் நோய் அடங்கியிருக்கும்போதே ஏற்பாடு செய்துவைக்க வேண்டியவை. மேனியா ஏறிவிட்டால் நமக்கு உதவி தேவை என்றே தோன்றாது. டிப்ரஷனில் கிடக்கும்போது போனை எடுக்கத் தெம்பு இருக்காது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் நல்ல மாதங்களில் யார் படித்து, பழகி, வீட்டாரையும் சேர்த்துக்கொள்கிறார்களோ அவர்களுக்குத்தான் பலன்.

இதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் கொலோம், வியெட்டா என்ற இருவர் தலைமையில் ஒரு குழு, பைபோலார் உள்ள 120 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. எல்லோரும் அந்த நேரத்தில் நோய் அடங்கி, மருந்தும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். பாதிப் பேருக்கு 21 வகுப்புகளில் நோயைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள்: அறிகுறி, மருந்து, தூக்கம், முன்கூட்டியே கண்டுபிடிப்பது. மீதிப் பேர் அதேபோல் கூடினார்கள், ஆனால் பாடம் இல்லை, பேச்சு மட்டும். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், பாடம் படித்தவர்கள் சராசரியாக 154 நாட்கள் நோயில் கழித்திருந்தார்கள். மற்றவர்கள் 586 நாட்கள். கூடிப் பேசுவது ஆறுதல்தான், ஆனால் பாடம் இருந்தால்தான் நோய் திரும்ப வருவது குறைகிறது. எந்தக் குழுவில் சேரலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் இந்த ஆய்வைத்தான் நினைத்துக்கொள்வேன்.

நான் அதிக நாள் விடாமல் பயன்படுத்துவது மூட் சார்ட். இமூட்ஸ் என்ற ஆப் பைபோலாருக்கென்றே செய்யப்பட்டது. தினமும் மனநிலை எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது, எரிச்சல், பதற்றம், எத்தனை மணி நேரம் தூங்கினோம், மருந்து போட்டோமா என்று குறித்துக்கொள்ளலாம். மாதக் கடைசியில் ஒரு பிடிஎஃப் வரும், அதை டாக்டருக்கு அனுப்பிவிடலாம். தமிழில் இல்லாததுதான் குறை. பைபோலார் யூகே என்ற பிரிட்டன் அமைப்பு வெளியிட்ட அளவுகோலும் நல்லது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். நாலிலிருந்து ஆறு வரை சமநிலை. ஏழு, எட்டு வந்தால் கவனிக்க வேண்டும். ஏழு என்பது நமக்கு ரொம்பப் பிடித்த எண்ணாக இருக்கும், வேலை பறக்கும், பேச்சு இனிக்கும். அதனால்தான் அதை ஒரு எண்ணாக எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு மாசி மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சார்ட்டில் தூக்கம் எட்டு மணியிலிருந்து ஏழு, ஆறு என்று இறங்கி நாலரைக்கு வந்தது. பகலில் சோர்வே இல்லை. வருடக் கடைசிக் கணக்கையெல்லாம் முன்கூட்டியே முடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி காப்பி கொடுக்கும்போது, "அம்மிணி, ராத்திரி ரெண்டு மணிக்கு அலமாரியை எல்லாம் இறக்கி அடுக்கிட்டிருந்தியே, தூங்கலையா?" என்று கேட்டார். "தூக்கம் வரலீங்க அண்ணி, ஆனா களைப்பே இல்லீங்க" என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. என் போனை வாங்கி, அந்த வாரத்துச் சார்ட்டை டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலமே வீடியோவில் டாக்டர் பேசினார், இரவு மாத்திரையை மாற்றினார், ஆபீஸ் வேலையை ஆறு மணிக்கு மேல் தொடக்கூடாது என்றார். அந்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தப்பித்தேன். குறைவாகத் தூங்கியும் களைப்பில்லை என்பது மேனியாவின் முதல் அடையாளங்களில் ஒன்று என்று அண்ணி குடும்பத்தாருக்கான ஆன்லைன் வகுப்பில் படித்திருந்தார். அந்த ஒரு வகுப்புக்காகவே இந்த ஏற்பாடு முழுவதற்கும் நன்றி சொல்வேன்.

அந்தச் சம்பவத்துக்கப்புறம் தூக்க நேரத்தை ஆப்பில் மட்டும் வைப்பதில்லை. சமையலறையில் பால் கணக்கு எழுதும் மாத காலண்டரிலும் எழுதுகிறோம். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்.

பாடங்களில் எனக்கு மிகவும் உதவியது தினசரி நேர ஒழுங்கைப் பற்றியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எல்லன் ஃப்ராங்க் என்பவர் உருவாக்கிய சிகிச்சை முறை அது. படுக்கையை விட்டு எழுவது, முதல் ஆளோடு பேசுவது, வேலையைத் தொடங்குவது, இரவுச் சாப்பாடு, படுக்கப்போவது, இந்த ஐந்தும் தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில் நடக்கிறதா என்று குறித்து வர வேண்டும். பைபோலார் உள்ளவர்களின் உடல் கடிகாரம் சீக்கிரம் குலையும், அது குலைந்தால் மனநிலையும் குலையும் என்பது இதன் அடிப்படை. கேட்கச் சாதாரணமாக இருக்கும். நம் ஊரில் கல்யாணம், திருவிழா, ராத்திரி பஸ் என்று வரும்போதுதான் இதன் அருமை தெரியும். இப்போது முகூர்த்தம் விடிகாலை என்றால் முந்தின நாளே போய், மண்டபத்தில் படுக்காமல் தனி அறை எடுத்துத் தூங்குகிறேன். சொந்தக்காரர்கள் ஏதாவது சொல்வார்கள். சொல்லட்டும்.

அடுத்து லித்தியம். 1949இல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் மேனியாவுக்கு இது வேலை செய்கிறது என்று எழுதினார், இன்றும் முதல் வரிசையில் நிற்கும் மருந்து. ஆனால் இதில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. ஆன்லைன் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவற்றில் கரூர் வெயிலுக்கு உயிர்காக்கும் விஷயம் ஒன்று உண்டு. உடலில் தண்ணீர் வற்றினாலோ, உப்பைத் திடீரென்று குறைத்தாலோ சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்தில் அளவு ஏறிவிடும். அதனால் உப்பில்லா விரதம், தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் இருக்கக் கூடாது. வாந்தி பேதி வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கை நடுக்கம் வழக்கத்தைவிட அதிகமாவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது எல்லாம் தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கே போய்விட வேண்டும்.

அப்புறம் வலி மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் பல்வலி, இடுப்புவலி என்றால் டைக்ளோஃபினாக்கோ ஐபுப்ரோஃபெனோ எடுத்துக் கொடுப்பார்கள். அவையும் லித்தியம் அளவை ஏற்றும். எங்கே போனாலும் "நான் லித்தியம் சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்லிவிடுவது என் வழக்கம். ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான், கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் அளவு சரியாகத் தெரியும். இரவு எட்டரைக்குப் போட்டால் காலை எட்டரைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் காலை மாத்திரை. லேப்பில் இதைக் கேட்பதே இல்லை, நாமாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தைராய்டும் சிறுநீரகமும் கூடவே அவ்வப்போது பார்க்க வேண்டும்.

பெண்களுக்கு இன்னொன்று. பைபோலாருக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான வால்ப்ரோயேட் சாப்பிடும்போது கரு உண்டானால் குழந்தைக்குப் பெரிய பாதிப்பு வரலாம். கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே டாக்டரிடம் இதைக் கேட்க வேண்டும், மருந்தை நாமாக நிறுத்தவும் கூடாது. எங்கள் குழுவில் பெண்கள் மட்டும் இருக்கும் அமர்வுகளில் அதிகம் பேசப்பட்டது இதுதான். இதை நேரில் டாக்டரிடம் கேட்கப் பலருக்கும் கூச்சம், பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருப்பார்.

குழு என்றேனே, அதைச் சொல்கிறேன். நான் இரண்டு குழுக்களில் இருந்திருக்கிறேன். முதலாவது ஒரு வாட்ஸ்அப் குழு. யார் வேண்டுமானாலும் சேரலாம், எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். இரவு ஒரு மணிக்கு மேல்தான் அங்கே கூட்டம். மேனியாவில் இருப்பவர் வரிசையாக ஐம்பது செய்தி போடுவார், டிப்ரஷனில் இருப்பவர் அதைப் படித்து இன்னும் சோர்வார். ஒருவர் லித்தியத்தை விட்டுவிட்டு ஒரு சூரணம் சாப்பிடச் சொல்லி விலையும் போட்டார். நடத்துபவர்கள் அதை நீக்கவில்லை. எனக்குக் கோபம் வந்து வெளியேறினேன். இன்றும் அந்தக் கோபம் உண்டு, ஏனென்றால் லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் மேனியா திரும்புவதும் தற்கொலை ஆபத்து கூடுவதும் மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம்.

இரண்டாவது குழுவை ஒரு மனநலச் சமூகப் பணியாளர் நடத்துகிறார். மாதத்தில் முதல் ஞாயிறு சாயங்காலம் கூகுள் மீட். வீடியோவை அணைத்து வைக்கலாம், வேறு பெயரில் வரலாம். சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். யார் எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் சாப்பிட வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. ஒவ்வொரு முறையும் முதல் அரை மணி நேரம் பாடம், அப்புறம்தான் பேச்சு. எட்டரைக்கு முடிந்துவிடும். லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன், நோய் ஏறிய காலத்தில் வாங்கிய கடனை எப்படி அடைத்துவருகிறார் என்று ஒருமுறை நிதானமாகச் சொன்னார். கடைசியில், "அதுக்கப்புறம் ஏடிஎம் கார்டு என் சம்சாரத்துக்கிட்டதான் இருக்கு" என்றார். அடுத்த மாதமே மூன்று வீட்டில் அதே ஏற்பாடு. டாக்டர் சொல்லியிருந்தால் செய்திருப்போமா, தெரியவில்லை.

நேரம் விஷயத்தில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. உதவி இருக்கும் அதே போன்தான் தூக்கத்தையும் கெடுக்கிறது. அமெரிக்காவில் டிபிஎஸ்ஏ என்ற அமைப்பு நடத்தும் ஆன்லைன் குழுக்களுக்கு நல்ல பெயர், ஆனால் அங்கே சாயங்காலம் நடக்கும் கூட்டம் நமக்கு விடிகாலை. தூக்கத்தைக் கலைத்து எழுந்து போய்க் கேட்கும் அளவுக்கு எந்தக் கூட்டமும் நமக்கு நல்லதில்லை. கனடாவின் கிரெஸ்ட் பிடி என்ற பைபோலார் ஆய்வுக் குழு தரும் பாடங்களையும், போலரஸ் என்ற இலவச ஆப்பையும் நமக்கு வசதியான நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பதால் அவற்றைப் பரிந்துரைப்பேன். எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்கு என் போன் அண்ணனின் மேசைக்குப் போய்விடும்.

இரவில் நிஜமாகவே முடியவில்லை என்றால் அதற்குப் போன் எண்கள் இருக்கின்றன. மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நான் டிப்ரஷனில் இருந்தபோது கூப்பிட்டிருக்கிறேன். எடுத்த பெண் அவசரப்படாமல் கேட்டார், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து அண்ணனை எழுப்பச் சொன்னார். தற்கொலை எண்ணம் இருந்தால் சென்னை சிநேகாவின் 044-24640050. இரண்டையும் என் போனில் மட்டுமில்லாமல் அண்ணன், அண்ணி போனிலும் சேமித்து வைத்திருக்கிறோம்.

வீடியோவில் டாக்டரைப் பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2020 மார்ச்சில் மத்திய அரசு நெறிமுறை கொண்டுவந்ததற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. நிலையாக இருக்கும்போது போதும். எடை, கை நடுக்கம், ரத்த அழுத்தம் பார்க்க வருடத்தில் சில முறையாவது நேரில் போக வேண்டும். நம் ஊரில் இதற்கெல்லாம் முன்னோடி ஒன்று உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம், 2010 வாக்கிலேயே புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பி, அதற்குள் உட்கார்ந்தபடியே சென்னை டாக்டரைத் திரையில் பார்க்க வைத்தது. மருந்தும் அங்கேயே கொடுத்தார்கள். இன்றைய ஆன்லைன் சேவைகள் பலவற்றில் இல்லாதது அந்த மருந்துதான். சீட்டு போனுக்கு வந்துவிடும், லித்தியம் இருக்கும் கடையை நாம்தான் தேடி அலைய வேண்டும்.

பெரிய குறை, தமிழில் பாடம் போதவில்லை. "மனம் தளராதீர்கள்" என்ற அளவில் நிறைய இருக்கிறது. லித்தியம் பரிசோதனைக்கு எப்போது ரத்தம் கொடுப்பது, எந்த வலி மாத்திரை ஆகாது என்ற அளவில் தேடினால் கிடைப்பதில்லை. அண்ணிக்கு நான் வாசித்து வாசித்துச் சொன்னவைதான் பாதி.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம், நம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். இதைக் குழுவில்தான் தெரிந்துகொண்டேன். நான் அண்ணியை நியமித்திருக்கிறேன். எந்த மருந்து எனக்கு ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, கட்டிவைக்கக் கூடாது, அண்ணன் மகனை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நகலை டாக்டரிடம் கொடுத்திருக்கிறேன்.

இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால், முதல் மாதம் தூக்க நேரத்தை மட்டும் எழுதுங்கள், ஆப்பில் முடியாவிட்டால் காலண்டரில். இரண்டாம் மாதம் பாடம் நடத்தும் குழு ஒன்றில் சேருங்கள், காசு கேட்டால் யார் நடத்துகிறார்கள், அவர்கள் படிப்பு என்ன என்று கேளுங்கள். வீட்டில் ஒருவரையாவது குடும்பத்தாருக்கான வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அவர் எந்த நிலையில் டாக்டருக்குப் போன் செய்யலாம் என்பதை நீங்கள் நன்றாக இருக்கும்போதே பேசி, அவர் போனிலும் டாக்டர் எண்ணைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.