நடப்புக் கணக்கில் பிடித்த பணம் திரும்பியது: ஒரு தனியார் வங்கியின் குறைதீர்ப்புச் சேவை

ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் மொத்த வியாபாரம் செய்யும் நான் ஒருவனே உரிமையாளராக உள்ள என்னுடைய நிறுவனத்தின் நடப்புக் கணக்கில், சராசரி இருப்புக் குறைவு என்று பல மாதங்களாகப் பிடிக்கப்பட்ட கட்டணத்தை ஒரு தனியார் வங்கி எவ்வாறு திருப்பித் தந்தது என்பதே இந்த மதிப்புரை. கிளைக்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண். தலைமை அலுவலகத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு நான்கு.

சந்தைக்காரர்களின் கணக்கில் பணம் தங்காது. திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாயில் முடியும் வாரச்சந்தையில் துண்டும் லுங்கியும் போர்வையும் விற்று வரும் ரொக்கம் அன்றே வங்கிக்குப் போய், மறுநாளே பள்ளிபாளையம் தறிக்காரர்களுக்கும் நூல் கடைக்கும் பட்டுவாடா ஆகிவிடும். மாதச் சராசரி இருப்பு என்பதோ ஒவ்வொரு நாளின் முடிவிலும் கணக்கில் இருக்கும் தொகைகளைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுத்து வருவது. மூன்று லட்சம் ரூபாய் ஒரே ஓர் இரவு தங்கினால், 30 நாள் மாதத்தில் அது சராசரிக்குச் சேர்ப்பது 10,000 ரூபாய்தான். நான்கு செவ்வாய்க்கிழமைகளும் அப்படியே அமைந்தால் 40,000 ரூபாய் வரும். கணக்குத் தொடங்கியபோது நான் கையெழுத்திட்ட திட்டம் கேட்டது 10,000 ரூபாய் சராசரி என்பதால், வியாபாரம் மந்தமான ஆடி மாதத்தில்கூட எனக்குச் சிக்கல் வந்ததில்லை.

பின்னர் மாதந்தோறும் 750 ரூபாயும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியாக 135 ரூபாயும் சேர்த்து 885 ரூபாய் கழியத் தொடங்கியது. ஸ்டேட்மென்ட்டின் தலைப்பில் கணக்கு எண்ணுக்குக் கீழே உள்ள திட்டத்தின் பெயர் மாறியிருந்தது. 50,000 ரூபாய் சராசரி கேட்கும் மேல்வகைத் திட்டத்துக்குக் கணக்கை மாற்றியிருந்தார்கள். தொலைபேசியில் அதை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது வேண்டாம் என்றுதான் பதில் சொல்லியிருந்தேன். எந்தத் தாளிலும் கையெழுத்திடவில்லை.

கிளை மேலாளர் மரியாதையானவர். "இந்த மாசத்தோடத மட்டும் எடுத்துத் தர்றேனுங்கண்ணா, பழசையெல்லாம் சிஸ்டம் விடாதுங்க" என்றார். பெரும்பாலான சிறு வியாபாரிகள் இதோடு எழுந்து வந்துவிடுகிறார்கள். ஆனால் நல்லெண்ண அடிப்படையில் ஒரு மாதத் தொகையை வாங்கிக்கொண்டால், மற்ற மாதங்களில் பிடித்தது முறையானதே என்று நாமே ஒப்புக்கொண்டது போலாகிவிடும். எழுத்துப் புகாரை நீட்டியபோது, நகலில் தேதியோடு முத்திரை வைக்கத் தயங்கி, மின்னஞ்சல் அனுப்பினால் போதும் என்றார்கள். இரண்டு மதிப்பெண்ணோடு நிறுத்தியது இதனால்தான்.

சேமிப்புக் கணக்குக்கு இவ்விஷயத்தில் பாதுகாப்பு அதிகம். 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, இருப்புக் குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தந்த பிறகே அபராதம் பிடிக்கலாம். அதுவும் குறைந்த தொகையின் விகிதத்தில்தான். நடப்புக் கணக்கு அந்த விதிக்குள் வராது என்பதால், ஒற்றை ஆளாகக் கடை நடத்துபவருக்கும் பெரிய மில்லுக்கும் ஒரே நிலைதான். நம் கையில் இருக்கும் ஆயுதம், வங்கியே வெளியிட்ட கட்டணப் பட்டியலும் கணக்குத் தொடங்கிய விண்ணப்பத்தின் நகலுமே. கட்டணம் அதிகம் என்று முறையிட்டுப் பயனில்லை, அது வங்கியின் வணிக முடிவு என்று ஒதுக்கிவிடுவார்கள். நான் ஒப்புக்கொள்ளாத திட்டத்தின் கட்டணத்தை எதன் அடிப்படையில் பிடித்தீர்கள், ஒப்புதல் தாளைக் காட்டுங்கள் என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கேள்வியை, பிடித்த ஒவ்வொரு தொகையின் தேதியோடும் ஜிஎஸ்டியோடும் அட்டவணையாக்கி, தலைமை அலுவலகத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு அனுப்பினேன். புகார் எண் உடனே வந்தது; ஒப்புதல் தாள் எதுவும் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்ட பதில், முப்பது நாள் கெடு முடிவதற்குள் வந்துவிட்டது. வந்திராவிட்டால், 2021 நவம்பரில் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஓம்பட்ஸ்மேன் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) திட்டத்தில் இணையவழியே கட்டணமின்றிப் புகார் செய்திருப்பேன். அங்கு வழக்கறிஞரை நமக்காகப் புகார் கொடுக்க வைக்க முடியாது. விளக்கம் கேட்க 14448 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். பத்துக்கு மேல் கிளைகள் உள்ள வணிக வங்கி, ஒரு புகாரை நிராகரிக்கும் முன் தன் அக ஓம்பட்ஸ்மேனின், அதாவது வங்கிக்குள்ளேயே உள்ள குறைதீர்ப்பாளரின், பார்வைக்கு அனுப்பியாக வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆகவே கிளையில் வாயால் சொன்ன மறுப்பை வங்கியின் இறுதிப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இருப்புக் கட்டணம் ஜிஎஸ்டியோடு முழுவதும் திரும்பியது. எஸ்எம்எஸ் கட்டணத்தை உண்மையான பயன்பாட்டின்படியே வாங்க வேண்டும் என்ற 2013ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் குறிப்பிட்டிருந்ததால், மொத்தமாகப் பிடித்திருந்த அதிலும் ஒரு பகுதி வந்தது. ரொக்கம் செலுத்தும் இலவச வரம்பைத் தாண்டியதற்கான கட்டணத்தை மட்டும் தர மறுத்தார்கள். அது பழைய திட்டத்தின் பட்டியலிலேயே இருப்பதால் அதில் எனக்கு வாதமில்லை.

ஜிஎஸ்டி எண்ணை வங்கியில் பதிவு செய்தவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கட்டணங்களின் வரிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால் (அதாவது வங்கிக்குக் கட்டிய ஜிஎஸ்டியை, நாம் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்திருந்தால்), பணம் திரும்பும்போது வங்கி தரும் கிரெடிட் நோட்டை (கட்டணத்தைக் குறைத்ததற்கான சீட்டை) ஆடிட்டரிடம் கொடுத்து அந்த வரவைத் திருப்பிவிட வேண்டும். மேலும், கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும் அதே கடிதத்தில் கணக்கைப் பழைய திட்டத்துக்கு மாற்றவும் கேட்டுவிடுவது நல்லது. எனக்கு அந்த மாற்றம் அடுத்த மாத முதல் தேதியிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது; இடைப்பட்ட மாதத்தின் 885 ரூபாய் மறுபடி கழிந்து, அதே புகார் எண்ணைச் சொல்லி அதையும் வாங்க வேண்டியிருந்தது.