தோப்பு மோட்டார் பேனலுக்கு எந்த சிப்பு? 8051, பிக், ஏவிஆர், ஈஎஸ்பி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் ஆட்டோ ஸ்டார்ட்டர் பேனல், அதாவது கரண்ட் வந்தா தோப்பு மோட்டார தானா போடற பெட்டி, அசெம்பிள் பண்ற பசங்க இப்ப நெறய பேர் இருக்காங்க. அந்த பெட்டிக்குள்ள மூளையா இருக்கற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பு எது நல்லதுன்னு பேச்சு வந்தா உடனே ஸ்பீடு எவ்ளோ, ரேம் எவ்ளோன்னுதான் ஆரம்பிக்கறாங்க. மோட்டாருக்கு அதெல்லாம் ரெண்டாவதுங்க. கரண்ட் போயி திரும்ப வர்ற அந்த நொடியில சிப்போட பின்ல (கால்ல) என்ன வருதுங்கறதுதான் மொதல்ல பாக்கணும், ஏன்னா அந்த பின்லதான் ரிலேங்கற சின்ன சுவிட்ச், ரிலேக்கு அப்புறம் கான்டாக்டர்ங்கற பெரிய சுவிட்ச், அதுக்கப்புறம் போருக்குள்ள மோட்டார். தண்ணியே இல்லாத போர்ல சொல்லாம கொள்ளாம மோட்டார் ஓடிச்சுன்னா காயில் போயிரும், ரீவைண்டிங் செலவு எவ்ளோன்னு தோப்புக்காரருக்கு நல்லா தெரியும்.

8051ல இருந்து வருவோம். இன்டெல் 1980ல விட்ட சிப்பு, உள்ள 4 கேபி ரோம், 128 பைட் ரேம், அவ்ளோதான். பாலிடெக்னிக் படிச்ச யார கேட்டாலும் இதுல கை வெச்சிருப்பாங்க. இன்டெல் லைசென்ஸ் குடுத்ததுல பல கம்பெனிங்க இதையே செஞ்சாங்க, அதுல அட்மெல் 1993ல ஃப்ளாஷ் மெமரி வெச்சு ஏடி89சி51ன்னு விட்டதுக்கு அப்புறம்தான் யூவி லைட்ல அழிச்சு அழிச்சு எழுதற தொல்லை போச்சு. ஆனா இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. ரீசெட் ஆகும்போது, அதாவது சிப்பு மொதல்ல இருந்து ஆரம்பிக்கும்போது, போர்ட் பின் எல்லாமே ஹைக்கு (வோல்டேஜ் இருக்கற நிலைக்கு) போயிரும். ஹை வந்தா ரிலே ஆன்னு சர்க்யூட் போட்டிருந்தீங்கன்னா கரண்ட் வந்ததும் ரிலே 'டிக்'குன்னு ஒரு தட்டு தட்டும். ரிலே டிரைவர தலைகீழா, லோ (வோல்டேஜ் இல்லாத நிலை) வந்தா ஆன் ஆகற மாதிரி போட்டா சரியாயிரும். பழைய ஆளுங்க அப்படித்தான் போடுவாங்க, புதுசா வர்றவங்கதான் மாட்டிக்கறாங்க.

பிக் கதை வேற. 1970கள்ல ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட்னு ஒரு அமெரிக்க கம்பெனி தன்னோட சிபி1600 ப்ராசஸருக்கு எடுபிடி வேலை பாக்க பண்ணின சின்ன சிப்புதான் பிக். பெரிய ப்ராசஸர் காணாம போச்சு, எடுபிடி மட்டும் நின்னுருச்சு! 1987ல அந்த டிவிஷன தனியா பிரிச்சாங்க, 1989ல மைக்ரோசிப்னு தனி கம்பெனி ஆச்சு. தள்ளாடிட்டு இருந்த கம்பெனிய 1991ல சிஇஓவா கையில எடுத்தவர் ஸ்டீவ் சாங்கி, சண்டிகர் பஞ்சாப் இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சவர். 1993ல ஷேர் மார்க்கெட்டுக்கு வந்தாங்க, அதே வருஷம் வந்த 16சி84ல ஈஈப்ராம் இருந்ததால கரண்ட்லயே அழிச்சு எழுதலாம், வீட்ல உக்காந்து செஞ்சு பாக்கறவங்க எல்லாம் அதுல இருந்துதான் பிக் பக்கம் வந்தாங்க.

நம்ம ஊர் பேனலுக்கு பிக்ல 16எஃப்877ஏ எடுத்துக்கங்க, ரேம் 368 பைட், 20 மெகாஹெர்ட்ஸ்னு போட்டிருந்தாலும் ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு நாலு கிளாக் தின்னும், ரேம் பேங்க் பேங்கா பிரிஞ்சு கிடக்கும், அசெம்ப்ளியில எழுதினா தலைவலிதான், ஆனா ரீசெட்ல பின் எல்லாம் இன்புட்டா, யாரையும் தொடாம சும்மா நிக்கும். ரிலே டிரான்சிஸ்டர் பேஸ்ல ஒரு ரெசிஸ்டர கிரவுண்டுக்கு போட்டுட்டா தானா தட்டாது. வோல்டேஜ் இறங்கினா ரீசெட் பண்ற பிரௌன் அவுட், ப்ரோக்ராம் தொங்கினா எழுப்பி விடற வாட்ச் டாக், ரெண்டும் உள்ளயே இருக்கு. சாயங்காலம் எல்லா தோப்புலயும் ஒரே நேரத்துல மோட்டார் போட்டு லைன் தொங்கற ஏரியாவுக்கு இது பெரிய விஷயம். இன்னொண்ணு, வாங்கற ஆள் இருக்கற வரைக்கும் பழைய சிப்ப நிறுத்த மாட்டோம்ங்கறது மைக்ரோசிப்போட பாலிசி. பத்து வருஷம் கழிச்சு அதே போர்ட சர்வீஸ் பண்றவனுக்குத்தான் இதோட அருமை தெரியும்.

ஏவிஆர்ல குறை சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல. நார்வேல ட்ரொண்ட்ஹைம்ல ரெண்டு ஸ்டூடன்ட்ஸ் யோசிச்ச டிசைன், அட்மெல் எடுத்து பண்ணுச்சு. பெரும்பாலான இன்ஸ்ட்ரக்‌ஷன் ஒரே கிளாக்ல முடியும், பின்னும் ரீசெட்ல இன்புட்தான். 2005ல இத்தாலியில ஏவிஆர் சிப்பு வெச்ச ஆர்டுயினோங்கற ரெடிமேட் போர்டு வந்தப்புறம் ஏவிஆருக்கு ராஜயோகம். 2016ல மைக்ரோசிப்பே அட்மெல்ல சுமார் 350 கோடி டாலருக்கு வாங்கிருச்சு, அதனால பிக்கா ஏவிஆராங்கற சண்டை இப்ப ஒரே வீட்டு பங்காளி சண்டை மாதிரி. ஆனா ஆர்டுயினோ நானோவ காப்பி அடிச்ச குளோன் போர்ட அப்படியே பேனலுக்குள்ள சொருகி வெக்கறாங்க பாருங்க, அது வேணாம். பின் ஹெடர்ல தூசி, எறும்பு, ஈரம்னு எல்லாம் போகும். அதுல இருக்கற ஏவிஆர் சிப்பான ஏடிமெகா328பிய தனி சிப்பா எடுத்து சோல்டர் பண்ணுங்க.

இனி எல்லாரும் கேக்கற ஈஎஸ்பி. எஸ்ப்ரெசிஃப், 2008ல ஷாங்காய்ல சிங்கப்பூர்க்காரர் தியோ ஸ்வீ ஆன் ஆரம்பிச்சது, சொந்தமா ஃபேக்டரி கிடையாது, டிசைன் மட்டும். 2014ல ஈஎஸ்பி8266 வந்தப்ப அந்த விலைக்கு வைஃபையான்னு உலகமே அசந்து போச்சு, 2016ல ஈஎஸ்பி32, ரெண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ். பவர பாத்தா மத்த மூணும் பக்கத்துலயே வர முடியாது. ஆனா 8266ல கரண்ட் வந்ததும் பல பின் கொஞ்ச நேரம் தானா ஹைக்கு போகும், 4, 5 மட்டும்தான் ரிலேக்கு நம்பலாம். இதுல தோப்புக்குள்ள வைஃபை எங்கிருக்கு? சிம் கார்டு போட்டு மொபைல் டவர்ல பேசற ஜிஎஸ்எம் மாட்யூல்தான் வழி, அதுல சிம்800ங்கற மாட்யூல்னா 2ஜி சிம் வேணும், 2ஜி இல்லாததால ஜியோ வேலைக்காகாது, பார்டர்ங்கறதால மாட்யூல் ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரயும் ஒரு நேரம் கேரளா டவரயும் பிடிச்சிட்டு ஊசலாடும்.

நான் போடறது இப்படி: மோட்டார ஓட்டறது பிக், ட்ரை ரன் (தண்ணி இல்லாம ஓடறது), ஃபேஸ் ஃபெயிலியர் (மூணு லைன்ல ஒண்ணு போறது) எல்லாம் பாத்து நிறுத்தறது அதோட பொறுப்பு. வீட்டுப்பக்கம் கிணறு, வைஃபை எட்டும்னா மட்டும் ஈஎஸ்பி32 ஒண்ணு சேத்து சீரியல்ல பேச விடுவேன், அது ஹேங் ஆனாலும் மோட்டாருக்கு ஒண்ணும் ஆகாது. பிக்ல இருந்து வர்றது 5 வோல்ட், ஈஎஸ்பி தாங்கறது 3.3 தான், நடுவுல ரெண்டு ரெசிஸ்டர் போட்டு குறைக்காம நேரா குடுத்துராதீங்க.